குளோரின் இல்லாத தண்ணீரும் என் மனைவியின் முழங்காலும்

டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "அம்மாவுக்கு முட்டி தேய்ஞ்சிருக்கு. மூணு மாசம் நெஞ்சளவு தண்ணியில தினமும் நடக்கட்டும். அதுலயும் சரியாகலைன்னா ஆபரேஷன்தான்" என்றார். கடைசிச் சொல்லைக் கேட்டதும் என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். பிடித்த பிடியில் அடுத்த எக்ஸ்ரே எனக்குத்தான் என்று நினைத்தேன்.

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. கிணறு உண்டு. ஆனால் கிணற்றில் நடக்க முடியாது, நீந்தத்தான் முடியும். நீச்சல் அவளுக்குத் தெரியாது. அதனால் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாட்டுவண்டி நிற்கிற அளவுக்கு ஒரு நீச்சல் குளம் கட்டினேன். பூப்பறிக்க வருகிற பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "வாத்தியாரு கடலுக்கு அட்வான்ஸ் குடுத்துருக்காரு போல" என்று சிரித்தார்கள்.

குளம் கட்டியவர் ஒரு வாளி குளோரின் பொடியைக் கொடுத்துவிட்டுப் போனார். மனைவிக்குச் சின்ன வயசிலிருந்தே இளைப்பு. இறங்கின முதல் நாளே மூச்சு விசிலடிக்க ஆரம்பித்துவிட்டது. படியில் உட்கார்ந்து இன்ஹேலரை இழுத்தபடி, "முட்டி நல்லாகுறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்" என்றாள். அன்றைக்கே முடிவு கட்டினேன்: ஆபரேஷனும் கிடையாது, குளோரினும் கிடையாது. முடிவு கட்டுவதில் நான் எப்போதுமே கெட்டிக்காரன்.

திண்டுக்கல் கடையொன்றில் ஒரு மெஷின் இருந்தது. தண்ணீரில் உப்பைக் கொட்டினால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளுமாம். "குளோரின் வாளியே வேணாம் சார்" என்றார் கடைக்காரர். வாளி வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். நான்தான் குளோரினே வேண்டாம் என்று காதில் வாங்கிக்கொண்டேன்.

மெஷின் ஓடின மறுநாள் மனைவி குளத்து ஓரத்தில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"ஏங்க, அதே வாடை அடிக்குது."

"உனக்குப் பிரமை. இது வெறும் உப்பு."

"நீங்க பள்ளிக்கூடத்துல என்ன பாடம் நடத்துனீங்க?"

"வேதியியல்."

"உப்புல என்ன இருக்கு?"

சோடியம் என்றேன். அப்புறம் என்றாள். உப்புக் கரைசலில் மின்சாரம் விட்டால் குளோரின் வரும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டவன் நான். அதைச் சொல்லத் தெரியாத பையன்களை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவனும் நான். அன்று சாயங்காலம் மெஷினைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்து செம்பு. செம்பு பாசியைக் கொல்லும், அது நிஜம். பரணிலிருந்த செம்புக் குடம், அண்டா, சொம்பு எல்லாவற்றையும் குளத்தில் இறக்கினேன். தண்ணீர் பச்சையாகிக்கொண்டே வந்தது. மனைவி உள்ளே இறங்கி நாலடி வைத்து, சொம்பை மிதித்துத் தடுமாறிக் கம்பியைப் பிடித்தாள்.

"எங்கம்மா போட்ட சீரை இப்படியா முக்கி வைப்பீங்க? முட்டியோட மண்டையும் போயிருக்கும்!"

சும்மா கிடக்கிற சொம்பிலிருந்து போதுமான செம்பு கரையாது, அதற்கும் மின்சாரம் வைத்த கருவி வேண்டும் என்பது பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்க்கும்போது ஞாபகம் வந்தது. தேய்த்ததும் நான்தான்.

மூன்றாவதாக, யூ.வி. விளக்கு வைத்த குழாய். பம்ப் தண்ணீரை இழுத்து, வடிகட்டி, விளக்கைத் தாண்டி அனுப்பும். தாண்டுகிற கிருமி சாகும். வாடை கிடையாது, இளைப்பு கிடையாது. ஆனாலும் ஒரு வாரத்தில் தண்ணீர் கலங்கிவிட்டது. வடிகட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே வழவழவென்று, ஆறிப்போன குழம்பின் மேல் படிகிற ஆடை மாதிரி. மோந்து பார்த்தால் பாதி முட்டித் தைலம், பாதி நல்லெண்ணெய்.

"தைலம் தேய்ச்சுட்டுத்தான் இறங்குறியா?"

"வலிக்குதே, தேய்க்காம? சரி, அந்த நல்லெண்ணெய் யாருது? சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சு, சீயக்கா போடச் சோம்பல்பட்டு, வறுத்த கத்திரிக்கா மாதிரி மினுமினுன்னு வந்து குதிக்கிறது யாரு?"

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மூன்றாவது ஆள்மேல் பழி போட வழியில்லை.

அன்றிலிருந்து சட்டம் போட்டோம். எண்ணெய், தைலம் எல்லாம் குளத்தை விட்டு ஏறிய பிறகுதான். வெளிக்குழாயில் சோப்புப் போட்டுக் குளிக்காமல் யாரும் இறங்கக் கூடாது. விடிந்ததும் நான் நீளக் கம்பு பிரஷ்ஷால் சுவரைத் தேய்க்க வேண்டும். விளக்கு தன்னைத் தாண்டுகிற தண்ணீரைத்தான் பார்த்துக்கொள்ளும், சுவரில் ஒட்டிய பாசி என் பாடு. தினமும் கொஞ்சம் தண்ணீரை மல்லிகைக்குத் திருப்பிவிட்டுக் கிணற்றிலிருந்து நிரப்பினோம். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. விடவில்லை. குளத்தின் அடியில் தரைக் கல்லின் கோடு தெளிவாகத் தெரிந்தால்தான் அவளை இறங்க விட்டேன். அவளும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டு நடந்தாள். திட்டினால் வலி தெரியாதாம்.

டாக்டரிடம் திரும்பப் போவதற்கு முந்தின வாரம் அவளுடைய அண்ணன் மதுரையிலிருந்து வந்தார். வந்தவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, கோமணத்துக்கு ஒரு படி மேலான உடையில் குளத்தங்கரைக்கு வந்துவிட்டார். நான் பிரஷ்ஷைக் குறுக்கே நீட்டினேன்.

"என்ன மாப்ள, சொந்த மச்சானுக்குச் செக்போஸ்ட்டா?"

"குழாய்ல சோப்புப் போட்டுக் குளிச்சுட்டு இறங்குங்க மச்சான்."

"குளிக்கத்தானய்யா குளத்துக்கே வந்தேன்!"

அவர் முகம் சிவந்துவிட்டது. நானும் நகரவில்லை. பின்னாலிருந்து மனைவி வந்தாள். குழாயைத் திறந்துவிட்டு அண்ணன் கையில் சோப்பைத் திணித்தாள்.

"அண்ணே, இது விளையாட்டுத் தண்ணி இல்ல. என் காலு. குளிச்சுட்டு வா."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பாடா?" என்று முணுமுணுத்தபடி சோப்பைத் தேய்க்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் திண்டுக்கல்லில் டாக்டர் அவள் முட்டியை மடக்கி, நீட்டி, நடக்கச் சொல்லிப் பார்த்தார். "ஆபரேஷன் இப்ப வேணாம். தண்ணியில நடக்குறதை மட்டும் நிறுத்திராதீங்க." திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நிலக்கோட்டை வண்டி கிளம்பத் தயாராக நின்றது. அந்த உயரமான படியில் ஏற வழக்கம்போல் கையை நீட்டினேன். அவள் மருந்துப் பையை என் கையில் மாட்டிவிட்டு, கம்பியைப் பிடித்து ஏறி, ஜன்னலோரத்தில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்தாள்.