கலைச்செல்வி மைக்கைப் பிடுங்கிய காலை

கலைச்செல்விக்குக் கோபம் லேசில் வராது. வந்துவிட்டால் லேசில் இறங்கவும் செய்யாது. மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவளின் மகள் அவள். கல்லிடைக்குறிச்சியில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. தனி ஆட்கள் வானலையில் தொலைதூரத்தில் இருப்பவர்களோடு பேசும் ஹாம் ரேடியோவுக்குப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருந்தாள். பள்ளி மாடியில் ஆன்டெனாவை எலக்ட்ரீசியன் அசன் முகம்மதுவோடு சேர்ந்து தானே ஏறிக் கட்டினாள்.

பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்தில் தங்கி வேலை செய்பவர்கள் அந்த ரேடியோ வழியாகப் பள்ளிப் பிள்ளைகளோடு பேசுவதுண்டு. அதற்கு விண்ணப்பித்து இரண்டு வருஷம் காத்திருந்தாள். வாய்ப்பு வந்தது. நிலையம் நம் வானத்தில் ஒரு ஓரத்தில் எழுந்து மறு ஓரத்தில் இறங்குவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். பத்து நிமிஷம்கூடக் கிடைக்காது.

பத்துப் பிள்ளைகள், ஆளுக்கொரு கேள்வி. பாதிப் பேர் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். ஆங்கிலத்தில் கேட்பதற்கு மாதக்கணக்கில் பழகியிருந்தார்கள். அதில் கோமுவின் கேள்வி மட்டும் தாளாளர் மந்திரமூர்த்திக்குப் பிடிக்கவில்லை. கோமுவின் அம்மா ஊரில் தூய்மைப் பணி செய்பவள். "அங்கே கழிப்பறையை யார் கழுவுவார்கள்?" என்பதுதான் அந்தக் கேள்வி.

"வானத்துல இருக்கவங்ககிட்ட கேக்க வேண்டிய கேள்வியா டீச்சர் இது? எடுத்துருங்க."

"அவ கேப்பா, சார்," என்றாள் கலைச்செல்வி.

பேச வேண்டிய நாளன்று காலையில் பள்ளி வாசலில் பெரிய பேனர் நின்றது. பிள்ளைகள் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. புதுக் கட்டடத்துக்கு நன்கொடை கொடுத்த திசையன்விளை நகைக்கடை அண்ணாச்சியின் படம்தான் வாசலை அடைத்தது. அண்ணாச்சி தாமதமாக வந்தார். மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு. கலைச்செல்வி தாளாளர் காதருகே போய், "சார், நிலையம் நமக்காக நிக்காது," என்றாள். அவர் கையமர்த்தினார்.

நேரம் ஆனதும் கலைச்செல்வி ரேடியோவில் அழைப்பு விட்டாள். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் தெளிவாகப் பதில் சொன்னது. முதலில் கோமு மைக்குக்குக் கை நீட்டினாள். அதற்குள் தாளாளர் அதை வாங்கி அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டார்.

"ஒரு வார்த்தை வாழ்த்திப் பேசட்டும், டீச்சர்."

அண்ணாச்சி பேசினார், தமிழில். மேலே இருந்தவளுக்குத் தமிழ் தெரியாது. மைக்கில் உள்ள பொத்தானை அமுக்கியிருக்கும்வரை அந்தப் பக்கத்துக் குரல் இங்கே கேட்காது. அவர் அதை விடவே இல்லை. தாத்தா காலத்துக் கடையில் தொடங்கினார், கிளைகளுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, பொத்தானை விடுங்க," என்றாள். அவர் காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். தாளாளர் முறைத்தார். நிலையம் தலைக்கு மேலே வந்து, கடந்து, கிழக்கே இறங்கத் தொடங்கியிருக்கும். கலைச்செல்விக்கு உச்சந்தலை கொதித்தது. எட்டி அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"கேளுட்டீ!" என்று கோமுவிடம் கொடுத்தாள்.

கோமு கேட்டு முடித்தாள். ஆங்கிலத்தில் பதில் வந்தது. "நாங்கள் எல்லோரும்தான். முறை வைத்துக்கொள்கிறோம். எங்கள் தலைவருக்கும் முறை உண்டு. நேற்று—"

அதற்கப்புறம் வெறும் இரைச்சல். கலைச்செல்வி திரும்பத் திரும்ப அழைத்தாள். யாரும் பதில் சொல்லவில்லை. ஒன்பது பிள்ளைகள் வரிசை கலையாமல் நின்றார்கள்.

சாயங்காலம் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்.

"சபையில வச்சு அண்ணாச்சிய அவமானப்படுத்திட்டீங்க. அவங்க வீட்டுக்குப் போயி ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வந்துருங்க."

"நான் எதுக்கு சார் கேக்கணும்? அங்கன ஒன்பது பிள்ளைங்க நிக்குது. முதல்ல நீங்க போயி அதுங்ககிட்ட கேளுங்க."

மறுநாள் செய்தித்தாளில் அண்ணாச்சி மைக்கோடு சிரித்துக்கொண்டிருந்தார். 'விண்வெளி வீராங்கனையுடன் உரையாடினார்' என்று போட்டிருந்தது. அந்த வாரமே ஆன்டெனாவை இறக்கினார்கள். பிளஸ் டூ வகுப்பையும் அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை வழிபாட்டில், அந்த ஒன்பது பேரில் ஒருவனான பெர்லின் செய்தி வாசிக்க வேண்டியவன், வாசிக்கவில்லை. "அங்கே சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு எங்கே போவீர்கள்?" என்று மைக்கில் கேட்டுவிட்டு விலகினான். அடுத்தவள் வந்தாள். "முடி வெட்டினால் வெட்டிய முடி எங்கே போகும்?" இப்படிக் கேட்கப்போவதைக் கலைச்செல்வியிடம்கூட யாரும் சொல்லியிருக்கவில்லை. தாளாளர் மைக்கை அணைக்கச் சொன்னார். மிச்சமிருந்தவர்கள் தொண்டை கிழியக் கத்திக் கேட்டார்கள். ஒன்பதும் முடிந்தது.

பார்த்தவர்கள், டீச்சர் மனசு குளிர்ந்திருக்கும் என்றார்கள். இல்லை. பதில் சொல்ல ஆளிருந்த நேரத்தில் கேட்க விடாமல் செய்துவிட்டார்களே என்று அவளுக்கு இன்னும்தான் எரிந்தது.

களக்காட்டில் தலைமையாசிரியையாக இருக்கும் யூனிஸ் அவளோடு படித்தவள். கலைச்செல்வி அவளிடம் போய், "உன் பள்ளிக்கூடம் பேர்ல மறுபடி விண்ணப்பம் போடுவோம். என் ஒன்பது பிள்ளைங்களும் வரும்," என்றாள்.

"வரட்டும்ளா. வேறென்ன வேணும்?"

"மேடை கூடாது. பொன்னாடை கூடாது. ஒருத்தனும் வாழ்த்திப் பேசக் கூடாது."

யூனிஸ் சிரித்தாள். கலைச்செல்வி சிரிக்கவில்லை. விண்ணப்பம் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.