துவைக்கும் துறை

வாஷிங் மெஷின் ரிப்பேர். காப்பெல் ஊரில் எங்கள் வீட்டின் பின்படியில் ஈரத் துண்டை ஓங்கி அடித்தேன். அந்தச் சத்தம் என்னைத் தென்மேற்குப் பிரான்சுக்குக் கொண்டுபோய்விட்டது.

காரைக்கால்காரரான அப்பா, பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றதும் அங்கே ஒரு குட்டிக் கிராமத்தில் வீடு வாங்கினார். ஊரில் பார்க்க மூன்றே இடங்கள்: தேவாலயம், புறாக்கூண்டுக் கோபுரம், ஊற்றுத் தண்ணீர் ஓடும் பழைய துவைக்கும் துறை. அங்கே யாரும் துவைப்பதில்லை, படம்தான் எடுப்பார்கள். அது அம்மாவுக்குத் தெரியாது. வந்த வாரமே துணிமூட்டையோடு போய், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல்லில் அடித்துத் துவைத்தாள். சுற்றுலா வந்தவர்கள் கூடிவிட்டார்கள். மேயரும் வந்தார். ஒன்பது வயதான எனக்கு அவமானத்தில் அழுகை முட்டியது.

"வாம்மா, இது துவைக்கிற எடம் இல்லையாம்."

"கல்லு இருக்கு, தண்ணி இருக்கு. வேற எதுக்காம்? கேட்டுச் சொல்லு."

பிரெஞ்சில் கேட்டேன். மேயர் அம்மாவைப் பார்த்து மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். மறுவாரம் அவருடைய மனைவியே ஒரு கூடைத் துணியோடு அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாம், நெய்பர்ஸ் ஆர் வாட்சிங்" என்றாள் பின்கதவில் நின்ற என் மகள்.

அந்த ஊரின் இணையப் பக்கத்தை போனில் திறந்து நீட்டினேன். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. மூன்றாவதன் படத்தில் இன்றும் என் அம்மா, துணியை ஓங்கியபடி.

மகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு வாளியிலிருந்து இன்னொரு துண்டை எடுத்தாள்.