கலங்கலில் காற்று நின்ற ஒரு நாழிகை

அன்னையின் அடியவர்களே,

அன்று ஏரிக்கரை உடைந்திருந்தால் பன்னிரண்டு வீடுகள் நீரில் போயிருக்கும். அதற்குக் காரணம் நானாக இருந்திருப்பேன். சொல்லக் கூசுகிறது. ஆயினும் என் பிழையை மறைத்தால் கன்னியம்மன் செய்த அருள் உங்களுக்கு விளங்காது.

எண்பதுகளின் தொடக்கத்தில் காவாந்தண்டலத்தை அடுத்த சிற்றூரில் தமிழாசிரியனாக இருந்தேன். வங்கக் கடற்கரையைத் தாக்கிய புயல்களைக் குறித்துவைப்பது என் வழக்கம். கடல் தனுஷ்கோடியை விழுங்கியது, அறுபத்தாறில் சென்னைக் கரையில் கப்பல்கள் தரைதட்டியது, எழுபத்தேழில் நாகப்பட்டினம் சிதைந்தது என அனைத்தையும் நாளிதழிலிருந்தும் பெரியோர் வாய்மொழியிலிருந்தும் திரட்டி ஒரு குறிப்பேட்டில் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் நானே ஒரு முடிவையும் எழுதினேன்: ‘கார்த்திகைத் தீபத்துக்குப் பின் தொண்டைநாட்டுக் கரையில் புயல் இல்லை.’ தனுஷ்கோடிப் புயல் மார்கழியில் வந்ததே? அது தென்கரைக்கு உரியது என்று ஒதுக்கிவிட்டேன்.

எங்கள் ஏரி நிரம்பினால் மிகுநீர் தென்கோடிக் கலங்கல் வழியாக ஓடையில் இறங்கும். கலங்கலின்மேல் கருங்கற்கள் வரிசையாக நடப்பட்டுள்ளன. மழைக்காலம் முடிந்ததும் கற்களின் இடைவெளியைப் பனம்பலகை, வைக்கோற்புரி, களிமண் ஆகியவற்றால் அடைப்போம். இரண்டு முழ நீர் கூடுதலாக நிற்கும். மழை முடிந்ததா என்பதை ஊர் கூடி முடிவுசெய்யும். அவ்வாண்டு என்னைக் கேட்டார்கள். நான் குறிப்பேட்டை விரித்தேன்.

“அடைக்கலாம். இனிமே புயல் வராது” என்றேன்.

ஊர்ப் பெரியதனக்காரர் முனுசாமி சிரித்தார். “வாத்தியாரு பர்மிஷன் இல்லாம கடல்ல காத்தே அடிக்காது. பலகைய எடுங்கடா!”

ஒருத்தி மட்டும் எதிர்த்தாள். பாஞ்சாலை. கரைக்குக் கீழே உள்ள இருளர் குடியிருப்பில் அவள் வீடு. “நீங்க மேட்டுல கீறீங்க சாமி. தண்ணி வந்தா மொதல்ல எங்க வூட்டத்தான் விசாரிக்கும். இன்னும் பத்து நாளு பொறுத்தா இன்னா?”

“நோட்டுல எல்லாம் எழுதிக் கீது, போம்மா” என்று யாரோ அவளை அடக்கினார்கள். நான் குறிப்பேட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கினேன். கரைமேல் நட்ட சிறு கற்களாக நிற்கும் கன்னியம்மனுக்குப் பொங்கலிட்டோம். கலங்கலை அடைத்தோம்.

தீபம் கழிந்த ஒன்பதாம் நாள் வானொலி புயல் என்றது. சென்னைக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடக்கும் என்றது. முதல்நாள் தொடங்கிய மழை ஓயவில்லை. மறுநாள் நண்பகலில் நீர் களிமண் அடைப்பின் விளிம்பைத் தொட்டது. கரையில் ஓரிடத்தில் நீர் கசிந்தது. குடியிருப்புக்கும் மேட்டுக்கும் இடையே வாய்க்கால் கரைபுரண்டு ஓடியது. பாஞ்சாலையும் மற்றவர்களும் வெளியேற வழியில்லை. அவள் கணவன் கன்னியப்பன் எங்களோடு கரைமேல் நின்றான். கீழே தன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

அடைப்பை வெட்டினால் கரை பிழைக்கும். ஆனால் காற்று வடக்கிலிருந்து வீசியது. ஏரியின் அலைகள் அனைத்தும் தென்கோடிக் கலங்கலில் மோதின. மண்வெட்டியோடு இறங்கிய முனுசாமியை முதல் அலையே சாய்த்தது. கருங்கல்லைக் கட்டிக்கொண்டு உயிர் தப்பினார். மூன்று முறை முயன்றோம். நிற்கவே முடியவில்லை. கசிவு விரல் பருமனிலிருந்து கைப் பருமனாயிற்று.

கன்னியம்மன் கற்களின் முன்னே சேற்றில் விழுந்தேன். கற்ற செய்யுள் ஒன்றும் நாவில் வரவில்லை. புயலை விலக்கு என்று கேட்கவும் எனக்குத் தகுதியில்லை. “தாயே, ஒரு நாழிகை. ஒரே ஒரு நாழிகை காற்றை நிறுத்து. என் பிழையை நானே வெட்டி எடுக்கிறேன்” என்று கதறினேன்.

எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. என் அழுகை என் காதில் விழுந்தது. அப்போதுதான் உணர்ந்தேன். காற்று நின்றிருந்தது.

“பேஜாரு வுட்டுது! வாங்க, வூட்டுக்குப் போலாம்” என்றார் முனுசாமி. சிலர் நடக்கவும் தொடங்கினர்.

பழைய புயல்களைக் கண்டவர்கள் சொன்னது குறிப்பேட்டில் இருந்தது. புயலின் நடு தலைக்குமேல் வந்தால் காற்று அடங்கும். பிறகு எதிர்த்திசையிலிருந்து எழும். “போகாதீங்க! இன்னும் முடியல. இது நடுவு. திரும்பவும் அடிக்கும்” என்று கத்தினேன்.

“இதுவும் அந்த நோட்டுலதான் கீதா, வாத்தியாரே?”

ஒருமுறை பொய்த்தவனை யார் நம்புவார்? கன்னியப்பன்தான் அசைந்தான். “நோட்டு கெடக்கட்டும். எம் பொண்டாட்டி புள்ளைங்க கீய கீறாங்க. நான் எறங்கறேன்.” அரிவாளோடு நீரில் குதித்தான். நானும் குதித்தேன். எனக்கு நீந்தத் தெரியாது.

அவன் புரிகளை அறுத்தான். நான் களிமண்ணை நகத்தால் தோண்டினேன். திரும்பிப் பார்த்தால் முனுசாமி கடப்பாரையோடு பின்னால் நின்றார். முதல் பலகை பெயர்ந்தது. பிறகு நீரே மற்றவற்றை இழுத்துப்போயிற்று. ஓடை முழங்கியது. எங்களைக் கயிறு போட்டுக் கரையேற்றினார்கள். மூச்சு வாங்குமுன் தெற்கிலிருந்து காற்று பேய்போல் எழுந்தது. கரை நின்றது. பன்னிரண்டு வீடுகளும் நின்றன.

வாய்க்கால் வடிந்ததும் பாஞ்சாலையின் வாசலுக்குச் சென்று கைகூப்பினேன். “என்னை மன்னிச்சிடும்மா.”

அவள் என் விரல்களைப் பார்த்தாள். நகங்கள் பெயர்ந்திருந்தன. “மொதல்ல கைக்கு மஞ்சள வையி சாமி. மன்னிப்ப அப்பால பாக்கலாம்” என்றாள்.

அன்றே கடைசிப் பக்கத்து முடிவைக் கோடிட்டு அடித்தேன். புயல்களை இன்றும் எழுதுகிறேன். அவை இனி வாரா என்று எழுதுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் கலங்கலை அடைக்கும் காலம் வந்தால் முதலில் பாஞ்சாலையின் வீட்டுக்குப் போகிறேன்.

“இன்னா வாத்தியாரே, நோட்டு இன்னா சொல்லுது?” என்பாள்.

“உன்னைக் கேட்கச் சொல்லுது” என்பேன்.

அன்பர்களே, உங்கள் இடர் உங்கள் பிழையாலேயே வந்திருக்கலாம். அதனால் அன்னையிடம் கேட்கத் தயங்காதீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். கேட்டது ஒரு நாழிகை, தந்தாள். காற்று நின்றதும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நீரில் இறங்குங்கள்.