கிளியர், கிளீன், ஸ்டெரைல்

ஆய்வக நுட்பம் படித்த நாள்களில், ஒன்றுபோலத் தோன்றும் ஆங்கிலச் சொற்களை வரிசைப்படுத்தி வைத்துக்கொள்வேன். உண்மை அளவைத் தொடும் அக்யூரேட் வேறு, திரும்பத் திரும்ப ஒரே அளவைக் காட்டும் பிரிசைஸ் வேறு. இன்ஃபெக்‌ஷியஸ் என்கிற கிருமி நோயெல்லாம் தொட்டால் ஒட்டும் கன்டேஜியஸ் ஆகாது. மலேரியா நோயாளியைத் தொட்டால் மலேரியா ஒட்டாது. அந்த வரிசையில் எனக்குப் பெரிய வெற்றி தேடித் தந்தவை கிளியர், கிளீன், ஸ்டெரைல் ஆகிய மூன்றும்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வருடம் குற்றாலச் சாரல் தொடங்குமுன், ஐந்தருவியில் கடை போடுகிறவர்கள் குடிதண்ணீரைச் சோதித்துக் காட்டினால்தான் அனுமதி என்று சுகாதார ஆய்வாளர் சொல்லிவிட்டார். இட்லிக் கடை அக்கா ஒருத்தியின் தண்ணீர் தேறவில்லை. சோதனைக் குழாய்களில் குமிழி வந்திருந்தது. கிருமி இருக்கிறது என்று பொருள். மறுசோதனையும் தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். சீசனில் வருவதை வைத்துத்தான் அவள் வீட்டில் வருடம் முழுக்க உலை கொதிக்கும்.

அவள் ஒரு செம்புத் தண்ணீரோடு நேரே என்னிடம் வந்தாள். கண்ணாடித் தம்ளரில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஏட்டி, இங்கன பாரு. கண்ணாடி கணக்கா இருக்கு. சீரகம் போட்டு தளதளன்னு கொதிக்க வச்ச தண்ணி. இதுல என்ன குத்தம் கண்ட?"

கொதிக்கவைத்த தண்ணீருக்குச் சோதனையில் குமிழி வந்தது எனக்கும் உறுத்தியது. சோதனைக்கு நாங்கள் கொடுத்தனுப்பிய பாட்டிலில் எப்படி நிரப்பினாள் என்று கேட்டேன்.

"ஒங்க குப்பிய மொதல்ல நல்லா கழுவுனேன். ஆசுபத்திரி குப்பில்லா, எவன் என்னத்த ஊத்தி வச்சானோ. ஓடைத் தண்ணில அலசி, வாய முந்தானையால தொடச்சு, பொறவுதான் ஊத்துனேன்."

விஷயம் பிடிபட்டுவிட்டது. வெப்பத்தில் கிருமி நீக்கி, காகிதம் கட்டிக் கொடுத்த ஸ்டெரைல் பாட்டில் அது. கொடுத்த எங்கள் ஆள் 'சுத்தமான பாட்டில்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மூன்று சொற்களையும் நாங்கள் 'சுத்தம்' என்ற ஒன்றிலேயே போட்டு அடைத்திருந்தோம்.

"கிளியர்னா கண்ணுக்குத் தெளிவு. கிளீன்னா அழுக்கு இல்ல. ஸ்டெரைல்னா உயிருள்ள கிருமி ஒண்ணுகூட இல்ல. தெளிவா இருக்கறது கிளீனா இருக்கணும்னு இல்ல, கிளீனா இருக்கறது ஸ்டெரைலா இருக்கணும்னும் இல்லக்கா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பால் சட்டி மாதிரின்னு சொல்லு. கழுவுன சட்டிதான், ஆனா மோர்க் கரண்டி லேசா பட்டா விடிஞ்சா தயிரு."

"அதேதான்."

"இத மொதல்லயே சொன்னா ஒங்க வாய் முத்து உதிர்ந்துருமோ?"

ஆய்வாளரிடம் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். "இன்னொரு தடவை எடும்மா. ஆனால் இதுதான் கடைசி" என்றார்.

மறுநாள் பஸ் ஏறி நானே ஐந்தருவிக்குப் போனேன். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில்தான் பாட்டிலின் காகிதக் கட்டைப் பிரித்தேன். கொதிநீரில் கிடந்த அகப்பையால் மொண்டு ஊற்றி உடனே மூடினேன். அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் தொடல, பாத்துக்கோ. மூச்சாவது விடலாமா?"

"அந்தப் பக்கமா விடுங்க."

ஆய்வுக்கூடத்தில் அந்தத் தண்ணீரைக் குழாய்களில் விட்டு, கிருமி இருந்தால் வளரும் சூட்டில் இன்குபேட்டரில் வைத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தோம். வெளியே எடுத்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தேன். எதிலும் குமிழி இல்லை. அறிக்கையை எழுதி, பெருமையை முகத்தில் காட்டாமல் ஆய்வாளர் முன் வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். அன்று முதல் பாட்டிலோடு 'தண்ணீர் பிடிக்கும்வரை திறக்காதீர்கள், கழுவாதீர்கள்' என்று தமிழில் எழுதிய சீட்டும் போயிற்று.

சீசன் தொடங்கிய முதல் ஞாயிறு அவள் கடைக்குப் போனேன். ஈரத் தலையோடு ஜனம் பெஞ்சு முழுக்க உட்கார்ந்திருந்தது. அக்கா இட்லித் தட்டை இறக்கியபடியே குரல் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இந்தக் கடையத் தொறந்து வச்சதே இவதான்."

தள்ளி உட்கார அங்கே இடமே இல்லை. இலையைக் கையில் வாங்கி, சாரலில் நனைந்தபடி நின்றே தின்றேன்.