ஜிலேபிக்காக ஒரு முழம் உலர்ந்த தெரு

மயிலாப்பூரில் அந்தச் சந்தில் போய் அன்புச்செல்வி எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஜிலேபி அக்கா என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள். அன்புச்செல்வி என் தங்கை. ஜிலேபி அவள் நடத்திக்கொண்டு போகும் நாய். பழுப்பு நிறம். வால் சுருண்டு முதுகின் மேல் உட்கார்ந்திருக்கும், அதனால் அந்தப் பெயர்.

நாங்கள் பிறந்தது அடையாற்றங்கரையில். இப்போது இருப்பது பெரும்பாக்கத்தில், குடிசை மாற்று வாரியக் கட்டடத்தின் ஏழாவது மாடியில். அன்பு பத்தாவது வரை படித்தாள். ஏற்றுமதிச் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குப் போனாள். பிறகு ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனபோது, அந்த வீட்டு நாய் வேறு யாரோடும் வெளியே போக மாட்டேன் என்று இவள் புடவையைப் பிடித்துக்கொண்டது. அப்படித்தான் இந்த வேலை வந்தது. விடிவதற்கு முன்னால் என் ஆட்டோவிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன். அவளுடைய இரண்டு பெண்களையும் என் மனைவி எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவாள்.

அவள் நாய் நடத்துவதைப் பார்க்க வேண்டும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக் குட்டையாகப் பிடித்திருப்பாள். எதிரே ஆள் வந்தால் சுவரோரம் நின்று, நாயை உட்கார வைத்து, நாய்க்கும் அந்த ஆளுக்கும் நடுவில் தான் நிற்பாள். "போங்க சார், புடிச்சிக்கினுதான் கீறேன்" என்பாள். இடுப்பில் மடித்த செய்தித்தாள் எப்போதும் இருக்கும். நாய் வெளிக்கு இருந்து முடித்ததும் அள்ளிக் கட்டி, குனிந்து இன்னொரு முறை தரையைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

சந்து முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் கரீமுல்லா பாய் அவளைச் சீண்டாமல் விட மாட்டார்.

"இன்னாம்மே, காலங்காத்தால பொட்டலம் கட்டிக்கினு போற? பக்கோடாவா?"

"உனுக்குத்தான் பாய். சூடா கீது, கைய நீட்டு."

அவர் கரிப்பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார்.

ஜிலேபியின் வீட்டுக்காரர் பாலகணேஷ். தென்காசிப் பக்கம் சொந்த ஊர், தி.நகரில் துணிக்கடை. மனைவி ஸ்வர்ணலதா. முன்பு வேளச்சேரியில் இருந்தார்கள். முந்தைய ஆண்டு டிசம்பர் புயல் மழையில் அந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகு மயிலாப்பூரில் மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டார்கள். அன்பு அங்கே வேலைக்குச் சேர்ந்தது கார்த்திகை மாதம். சேர்ந்த புதிதிலேயே பெரிய சிக்கல். சாயங்காலம் ஜிலேபி ஒழுங்காக நடக்கும். காலையில் மட்டும் கேட்டைத் தாண்டாது. நான்கு கால்களையும் ஊன்றி நின்றுவிடும், தூக்கினாலும் திமிறும். திருப்பிக் கூட்டிக்கொண்டு போனால் இரவெல்லாம் அடக்கியதை லிஃப்டிலேயே விட்டுவிடும். எல்லாம் அன்புதான் கழுவுவாள். ஆனாலும் கட்டடத்துக்காரர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

பாலகணேஷ் ஒரு நாள் சொல்லிவிட்டார். "இல்லம்மா, இது சரிப்படாது. பொங்கலுக்கு ஊருக்குப் போறோம்லா, அதுவரைக்கும் பாப்போம். மாறலேன்னா சித்தப்பா தோட்டத்துல விட்டுருவோம். காவலுக்குக் கெடக்கட்டும்."

தோட்டத்தில் காவல் நாய் என்றால் சங்கிலிதான். ஸ்வர்ணலதா அழுதார். அன்பு அழவில்லை.

மறுநாளிலிருந்து கயிற்றை இழுப்பதை விட்டுவிட்டு, கேட்டருகே ஜிலேபியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மார்கழி பிறந்துவிட்டது. பனி கூரைகளிலிருந்து இறங்கிச் சந்தில் பால் போல நிற்கும். எங்கோ ஒலிபெருக்கியில் பாட்டு, அதுவும் பனிக்குள்ளிருந்து வருவது போலத் தள்ளி ஒலிக்கும். விளக்கின் மஞ்சள் வட்டங்களுக்குக் கீழே பெண்கள் குனிந்திருப்பார்கள். முகம் தெரியாது, கை மட்டும் அசையும். ஆட்டோவுக்குள் இருந்து பார்க்கும்போது நான் இன்னும் விழிக்கவில்லையோ என்று தோன்றும்.

ஒரு நாள் அவள் ஓடி வந்து ஆட்டோவைத் தட்டினாள்.

"ண்ணா, கேட்டாண்ட பூட்டின வூடு ஒண்ணு கீதே, அமெரிக்காகாரங்க வூடு. அது வாசல்ல மட்டும் நடக்குதுண்ணா! அடுத்த வாசல் வந்தா நின்னுடுது."

"அதுக்கு இன்னா?"

"அங்க யாரும் தண்ணி தெளிக்கல. அதுக்குத் தண்ணின்னா பயம்."

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அது குறுகலான சந்து. விடியும்போது இரண்டு பக்கமும் வாசல் தெளித்தால், இந்த வீட்டுத் தண்ணீரும் எதிர்வீட்டுத் தண்ணீரும் நடுவில் கை கோத்துக்கொள்ளும். விளக்கு வெளிச்சத்தில் சந்து முழுக்க ஓர் ஆறு போலப் பளபளக்கும். நமக்கு அது ஈரத் தரை. அதற்கு அது எவ்வளவு ஆழமோ. கட்டடத்தின் கேட்டை விடியற்காலையில்தான் திறப்பார்கள். அதற்குள் எல்லா வாசலும் நனைந்திருக்கும். நாய் வெளிக்கு இருக்கத் தோதான மண் தரை சந்தின் மறு முனையில், பூங்காவின் வெளிச்சுவர் ஓரம்தான் உண்டு. பூங்காவுக்குள் நாய்க்கு அனுமதி இல்லை, அன்பும் உள்ளே விட்டதில்லை.

அவள் வாசல் வாசலாகப் போய்க் கேட்டாள். வாளியோடு கொட்டாமல் கையால் தெளித்து, தெருவின் நடுவில் ஒரு முழ அகலம் மட்டும் நனைக்காமல் விட முடியுமா?

"நாய்க்கு ரத்தினக் கம்பளம் விரிக்கச் சொல்றியா?" என்றார் பாய். சிரித்தவர்கள் உண்டு. சரி என்றவர்களும் உண்டு. நடு வீட்டு ஜானகி மாமிதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். சந்திலேயே பெரிய கோலம் அவருடையது.

"நன்னாருக்குடி! மார்கழியில வாசல் தெளிக்கப்படாதுங்கறியா?"

"தெளிங்க மாமி. நடுவுல மட்டும் வுடுங்க. மாமி வூட்டாண்ட ஈரமா இருந்தா மத்தவங்க வுட்டும் பிரயோஜனம் இல்ல."

"அது சரி, உன் நாய் என் கோலத்துல கால் தூக்கித்துன்னா?"

"தூக்காது மாமி. நான் பாத்துக்கிறேன்."

"தூக்கித்தோ, அன்னியோட சரி. ஹோஸ் பைப்பைத் திறந்து விட்டுடுவேன், சொல்லிட்டேன்."

மறுநாள் காலையில் நான் ஆட்டோவை விட்டு இறங்கி நின்று பார்த்தேன். சந்தின் இரண்டு பக்கமும் ஈரம் கறுப்பாக மின்னியது. நடுவில் வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, யாரோ நாடாவை உருட்டி விட்டது போல, சிறிது வளைந்து, பனிக்குள் போய் மறைந்தது. அதன் மேல் முன்னால் ஜிலேபி, பின்னால் என் தங்கை. இரண்டு பக்கமும் வெள்ளைக் கோலங்கள். ஒன்றையும் மிதிக்காமல், சத்தமே இல்லாமல், கயிற்றின் மேல் நடக்கிறவர்களைப் போல அவர்கள் போனார்கள். நடப்பது போலவே தெரியவில்லை. தெருதான் அவர்களை மெதுவாகக் கொண்டு போனது.

அதன் பிறகு லிஃப்டில் ஒன்றும் ஆகவில்லை. ஸ்வர்ணலதா முகம் தெளிந்தது. ஆனால் தோட்டத்துப் பேச்சைப் பாலகணேஷ் கைவிடவில்லை. "தெருக்காரங்க தயவுல எத்தன நாளு ஓடும்?" என்றார்.

போகிக்கு முதல் நாள் காலை. அன்று இரவு அவர்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அன்பு பூங்காச் சுவர் வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு பால் வண்டி வந்தது. அதற்கு வழி விட, ஜிலேபியோடு மாமி வாசலில் ஈரம் இல்லாத ஓரமாக ஒதுங்கினாள். வண்டிக்காரன் கோலத்தில் ஏற்றிவிடப் போகிறானே என்று அவனைப் பார்த்து, "ஓரமா போ நைனா!" என்றாள். அந்த ஒரு நொடியில் ஜிலேபி காலைத் தூக்கிவிட்டது. மாமி அன்று பொங்கல் பானைக் கோலம் போட்டிருந்தார். பானையின் வாய் மேலேயே.

"சொன்னேனா இல்லையா! சொன்னேனா இல்லையா!" மாமியின் குரல் சந்து முழுக்கக் கேட்டது. நான் ஆட்டோ நின்ற முனையிலிருந்து ஓடினேன்.

அன்பு கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, மாமியின் வாளியை வாங்கி, அந்த இடத்தைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினாள். கழுவிய தண்ணீர் சரிந்து வந்து நடுக்கோட்டை வெட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஜிலேபி இந்தப் பக்கம். வீடு அந்தப் பக்கம்.

கயிறு என் கையில் அதிர்ந்தது. ஜிலேபி நடுங்கிக்கொண்டிருந்தது. வால் பிரிந்து கால்களுக்கு நடுவில் போய்விட்டது.

பாலகணேஷ் கடைக்குக் கிளம்பி ஸ்கூட்டரில் வந்தவர் அந்தப் பக்கம் நின்றார். பண்டிகை வியாபாரம், அவசரம். "இதுக்குத்தான சொன்னேன்! தூக்கிட்டு வாங்க, நேரமாச்சு."

"எதுக்கு இப்படி நடுங்கறது?" மாமி கேட்டார். குரல் இறங்கியிருந்தது. "நான் ஏதோ செல்லம் கொஞ்சறதுன்னு நெனச்சேன்."

பாலகணேஷ் என்ஜினை அணைத்தார். "வேளச்சேரியில தண்ணி வந்தப்ப நாங்க ஊர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம் மாமி. இவன மாடிப்படிக் கம்பியில கட்டியிருந்துது. அவுக்க ஆளில்ல. வந்து பாக்கும்போது கழுத்து வரைக்கும் தண்ணியில நின்னுட்டிருந்தான்."

மாமி உள்ளே போனார். ஹோஸ் பைப்பை எடுத்து வரப் போகிறாரோ என்று நான் பயந்தேன். பழைய புடவைத் துணி ஒன்றைக் கொண்டு வந்து போட்டார். அன்பு முழங்காலிட்டு அந்த ஒரு முழத்தையும் ஒற்றி எடுத்தாள். ஆனாலும் தரை கறுப்பாகவே இருந்தது. ஜிலேபி அசையவில்லை.

"தொடைச்சாப் போறாது. வெயில் வரட்டும்" என்றார் மாமி.

அன்பு ஈரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்துகொண்டாள். கூப்பிடவில்லை. கையைக்கூட நீட்டவில்லை. நான் கயிற்றைத் தளர்த்திப் பிடித்திருந்தேன். மாமி படியில் உட்கார்ந்தார். பாய் வண்டியை விட்டு வந்து நின்றார். பாலகணேஷின் செல்பேசி அடித்து ஓய்ந்தது, அவர் எடுக்கவில்லை. அந்தச் சந்தே ஒரு சிறிய ஈரம் காய்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. பனி மெல்லப் பிரிந்தது. மாடிகளுக்கு இடையிலிருந்து வெயில் ஒரு விரல் அகலத்துக்கு இறங்கி, சுவரிலிருந்து தரைக்கு வந்து, ஈரத்தின் மேல் ஏறியது. கறுப்பு ஓரங்களிலிருந்து வெளுக்கத் தொடங்கியது. தரை மூச்சு விடுவது போல ஆவி எழுந்தது.

"இங்க இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கு பாரு" என்று மாமி ரகசியம் போலச் சொன்னார்.

கடைசிக் கறுப்புப் புள்ளியும் போன பிறகு ஜிலேபி மூக்கைத் தரையில் வைத்து முகர்ந்தது. ஒரு காலை வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. அப்புறம் நான்கு கால்களும் அந்தப் பக்கம் இருந்தன. அன்பின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

கரீமுல்லா பாய் மட்டும், "அல்லா, என் கரி அணைஞ்சே பூட்டிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

பாலகணேஷ் ஸ்கூட்டரை உருட்டிச் சுவரோரமாகத் திருப்பினார். அன்பைப் பார்த்து, "நாங்க ரெண்டு பேரு மட்டுந்தான் இன்னைக்கு ஊருக்குப் போறோம். திரும்பி வார வரைக்கும் இவன நீ பாத்துக்கிடுதியாம்மா?" என்றார்.

"பாத்துக்கிறேன் சார்" என்றாள் என் தங்கை. கண்ணைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. இரண்டு கையாலும் நாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் போகி, தெருவெல்லாம் புகையா இருக்கும். செத்த மெதுவாவே வா" என்ற மாமி, கோலமாவுக் கிண்ணத்தோடு குனிந்து, பானையை மறுபடி வரையத் தொடங்கினார்.