தர்மானுக்குக் கேட்காத பாதி

அடுப்பில் தேநீர்க் கெண்டி விசில் அடித்துக்கொண்டே இருந்தாலும் தர்மான் எழுந்து போகமாட்டான். சோம்பல் என்றுதான் அவன் மனைவி ரூமினி முதலில் நினைத்திருந்தாள். பிறகு விஷயம் புரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மலாங் நகருக்குத் தெற்கே கரும்புக்காட்டு ஊர்களில், லாரியில் வீட்டு உயரத்துக்கு ஒலிபெருக்கிகளை அடுக்கி ஊர்வலம் விடுவார்கள். மேடை கிடையாது, பாடகர் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டரில் செய்த பாட்டு. லாரி வரும் நாளில் ஜன்னல் கண்ணாடிகளை ஜனங்களே கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்துவிடுவார்கள். எல்லோரும் மரியாதையாக 'பாக்' என்று கூப்பிடும் முதலாளி முக்லிஸின் லாரியில் ஓசையைக் கூட்டிக் குறைக்கிற இருக்கை பதினான்கு வருடமாக தர்மானுடையது. கேபிள் சுமக்க வந்தவன். வேறு தொழில் தெரியாது. காது போனது தெரிந்தால் இருக்கையும் போய்விடும்.

சுதந்திர தின ஊர்வலத்துக்கு முந்தின பகல், பந்து மைதானத்தில் சோதனை. தாளத்தட்டின் ஓசை எங்கோ அமுங்கிக் கிடப்பதாக அவனுக்குப் பட்டது. ஏற்றினான். எதிரே நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இந்தத் தொழிலில் அதுதான் கைதட்டல். குஷியாகி இன்னும் ஏற்றினான். கூட்டம் மைதானத்தை விட்டே ஓட ஆரம்பித்த பிறகுதான் கை நின்றது.

முக்லிஸ் வந்து புது லேப்டாப்பைத் திறந்தார். ஓசையைப் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் அது. கண்ணால் கேட்க நான் என்ன பாம்பா என்று கேலி பேசி, தர்மான் அதுவரை அதைத் தொட்டதில்லை. கோட்டில் கீச்சொலியைக் காட்டும் முனை மட்டும் மலைபோல எழுந்து நின்றது.

ஆம்ப்ளிஃபையர் கெட்டுவிட்டது என்றான். பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் வேறொன்று கொண்டுவர முக்லிஸ் போனை எடுத்தார். வறுத்த மரவள்ளியோடு வந்திருந்த ரூமினி புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு, பாக். என் காதுதான் போச்சு" என்றான் தர்மான்.

"ரெண்டு வருஷமாச்சு" என்றாள் ரூமினி. "நான் திட்டுறது பாதிதான் இவருக்குக் கேக்குது. அதனாலதான் குடும்பம் ஓடுது."

முக்லிஸ் சிரிக்கவில்லை. தன் இடது காதைத் தட்டிக் காட்டினார்.

"இதுல எனக்கு ஒண்ணுமே கேக்காது. லாரி வச்சிருக்கிற எவனுக்குடா முழுக் காது இருக்கு? பச்சைக் கோட்டைப் பாத்து ஓசையை வை. அடுத்த வருஷம் லேப்டாப்பே எல்லாத்தையும் பாத்துக்குமாம். அதுவரைக்கும் நீ உக்காரு."

"அதுக்கப்புறம் நான் என்ன பண்றது, பாக்?"

"வண்டி ஓட்டக் கத்துக்க."

மறுநாள் ஊர்வலத்தில் பச்சைக் கோட்டைச் சமமாக வைத்தபடியே போனான். ஜனங்கள் காதைப் பொத்தினார்கள், ஆனால் ஓடவில்லை, ஆடினார்கள். அவனுக்கு நெஞ்சில் இடிக்கிற தாள அடி மட்டும் வந்தது. மற்றதெல்லாம் திரையில் பச்சையாக அசைந்தது. முச்சந்தியில் லாரி நின்றபோது இறங்கிப்போய், ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கிளட்ச் எது என்று கேட்டான்.