ஒரே போல்ட்டில் இரண்டு எர்த்

என் அண்ணனை எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் தெரிந்ததை உள்ளபடி எழுதுகிறேன். முப்பது வருடமாக லாரிகளுக்கு ஒயரிங் செய்கிறவர். எல்லோருக்கும் அவர் 'கரண்ட்'. எந்த லாரி எங்கே படுத்துக்கொண்டாலும் அவர் கை பட்டால் எழுந்துவிடும். அவர் கை படாமல் ஒன்று ஓடினால் மட்டும் அவருக்குப் பொறுக்காது.

என் கணவர் பம்பு எஞ்சின் மெக்கானிக். விமானம் ஓட்டவும் உரிமம் வாங்கியவர். வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் ஆறு வருடமாக, இரண்டு பேர் உட்காரும் சிறிய விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டினார். இறக்கைக்குத் துணி தைத்தது நான். ஒயரிங் அண்ணனுடையது. அதில் முதலில் மேலே போகப்போகிறவர் என் கணவர் என்பதால், இருவரும் சண்டை போடும்போதெல்லாம் நான் தையலை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

எஞ்சினில் இடதும் வலதுமாகப் பழைய மேக்னெட்டோ இரண்டு இருந்தன. எஞ்சின் சுற்றும்வரை பிளக்குக்கு வேண்டிய பொறியை அவை தாமே உண்டாக்கும், பாட்டரி தேவையில்லை. அண்ணன் இரண்டையும் கழற்றிவிட்டு, பாட்டரியில் பொறி தரும் எலக்ட்ரானிக் பெட்டி இரண்டு வைக்கச் சொன்னார்.

"தட்டினதும் ஸ்டார்ட் ஆகும், பெட்ரோலும் கம்மியா குடிக்கும். இந்தக் கருங்கல்லைக் கட்டிக்கிட்டு ஏன் அழறீங்க மாப்பிள்ளை?"

"பாட்டரி போச்சுன்னா, மச்சான்?"

"பெட்டிக்கு ஒண்ணுன்னு ரெண்டு பாட்டரி தர்றேன். அப்பவும் பயமா இருந்தா பஸ்ல போங்க."

பேச்சில் என் கணவர் எப்போதும் தோற்பவர். ஒரே வாரத்தில் மேக்னெட்டோக்கள் சாக்குக்குள் போயின.

பிறகு ஒருநாள் விமானத்துக்குள் தரையில் உட்கார்ந்து இருக்கை உறை தைத்துக்கொண்டிருந்தேன். மீட்டர் பலகைக்கு அடியில், இரண்டு பெட்டிகளின் எர்த் ஒயர்களும் ஒரே போல்ட்டில் இறுக்கப்பட்டிருந்தன; அது கழன்றால் இரண்டு பெட்டியும் ஒன்றாக நின்றுவிடும். லாரியில் அண்ணன் செய்கிற வழக்கம் அது. பழுது தேட எளிது என்பார். லாரி நின்றால் ஓரங்கட்டலாம்.

சாயங்காலம் அண்ணனிடம் அதைச் சொன்னேன்.

"ஆறாங்கிளாஸ் தாண்டாதவ எனக்கு எர்த் சொல்லித் தர்றா. போய்த் துணியைத் தை."

என் கணவரும் சிரித்தார். அதையும் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை விமானத்தின் வாலைத் தூணில் கட்டிவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். கணவர் இருக்கையில் இருந்தார். ஒரு பெட்டியை அணைத்தார், எஞ்சின் ஓடியது. அதைப் போட்டுவிட்டு மற்றதை அணைத்தார், ஓடியது. அண்ணன் வெளியே நின்று மார்பைத் தட்டிக் காட்டினார். நான் இறக்கைக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போய்க் கதவைத் திறந்து, ஸ்பேனரோடு பலகைக்கு அடியில் கைவிட்டேன். கணவர் ஏதோ கத்தினார், சத்தத்தில் கேட்கவில்லை. போல்ட் கழன்றதும் ஒயர்களை இழுத்தேன். எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது.

"யாருடி கை வெச்சது?"

"நான்தான் அண்ணா. ஒரு போல்ட்தான்."

"கழட்டினா நிக்காம ஆடுமா? மேல எவன் வந்து கழட்டப்போறான்?"

கணவர் இறங்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. "நடுக்கத்தில தானா கழலும், மச்சான். பம்புல தினமும் பாக்கறேன்."

"சரி, தனித்தனியா போட்டுத் தொலைக்கறேன்."

"இன்னும் எங்கெங்க ஒண்ணா முடிஞ்சு வெச்சிருக்கீங்களோ. இடது பக்கம் மேக்னெட்டோ திரும்ப வரும்."

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரியா? ரெண்டும் சேர்ந்து உங்களைக் கவுக்கும், பாருங்க." அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இடதில் மேக்னெட்டோ, வலதில் பெட்டி என்று பத்தாம் நாள் என் கணவர் மேலே போனார். இருபது நிமிடம். அண்ணன் வேலிக்கு வெளியே கைகட்டி நின்று பார்த்தார்; சக்கரம் தரையைத் தொட்டதும் திரும்பி நடந்தார்.

தட்டினதும் ஸ்டார்ட் ஆனது தன் பெட்டியால்தான் என்று லாரிக்காரர்களிடம் இன்றும் சொல்கிறாராம். அது உண்மைதான். எங்கள் வீட்டுப் படியை அவர் மிதிப்பதில்லை. நானும் கூப்பிடவில்லை.